மூன்று கட்டில் அறை

“அத்தை, நியாயமா பேசுங்க. நேத்து முழுக்க ஜன்னல் சீட்டு உங்களுக்கு. இன்னைக்கு எனக்கு!”

“வயசானவகிட்ட சீட்டுக்குச் சண்டை போடுறியே, வெக்கமா இல்ல?”

“மலை ஏறும்போது மட்டும் ‘எனக்கென்னடி வயசு’ன்னு கேட்டீங்க?”

பேருந்தே சிரித்தது. பின் இருக்கையில் இருந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

சீதையும் அனுமனும் கால் பதித்ததாகச் சொல்லப்படும் இடங்களை ஆறு நாளில் சுற்றிக் காட்டும் யாத்திரை அது. டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்திருந்ததால் தங்குமிடங்களில் அவரை இந்த மாமியார், மருமகளோடு மூன்று கட்டில் அறையில் போட்டுவிட்டார்கள். மாமியார் பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மா. மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

நாலு நாளாக டீச்சர் இருவரையும் கவனித்துக்கொண்டே வந்தார். நாலு பேர் முன்னால் கொஞ்சிவிட்டு, வீட்டுக்குள் போனதும் முறைத்துக்கொள்ளும் மாமியார் மருமகள்கள் அவர் பார்க்காதவர்களா? ஆனால் இவர்கள் கதவைச் சாத்திய பிறகுதான் இன்னும் மோசம். மாமியார் குளித்துவிட்டு வருவதற்குள் மருமகள் சேலையை உதறி நீட்டுவாள். மருமகளின் தலையில் சிக்கு எடுத்துக்கொண்டே மாமியார் ஊர் வம்பெல்லாம் பேசுவார். இருவரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்து, நீ அழகா நான் அழகா என்று சண்டை வேறு.

பேருந்தில் வழிகாட்டி ஒருநாள் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். “உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்மா! அவருக்குப் பஞ்சாயத்து பண்ற வேலையே இல்ல.”

“ஆமாண்ணே. அவருக்கு அந்தக் கவலையே கிடையாது” என்றாள் மருமகள். அத்தையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவளை வழிக்குக் கொண்டுவரும்படி கடவுளிடம் நேரில் சொல்லத்தான் இந்த யாத்திரையே.

சீதை சிறையிருந்ததாகச் சொல்லும் சோலையில் டீச்சர் வெகுநேரம் கண்மூடி நின்றார். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் தையல்காரம்மா.

“என்ன டீச்சர், லிஸ்ட் பெருசோ?”

“ஒரே ஒரு வேண்டுதல்தாங்க. என் மருமகளுக்கு நல்ல புத்தி வரணும்.”

“மகனுக்கு?”

“அவனுக்கென்ன, தங்கமான பையன். கொஞ்சம் முன்கோபி. ஏதோ கோபத்துல ரெண்டு தடவை கை நீட்டிட்டான். அதுக்குப் போய்ப் பெட்டியத் தூக்கிட்டுப் போறதா? நான் கூப்பிட மாட்டேன்னுட்டேன். அவளே வரட்டும்.”

தையல்காரம்மா திரும்பி, சற்றுத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டிருந்த தன் மருமகளைப் பார்த்தார்.

மறுநாள், சீதை தீக்குளித்ததாகச் சொல்லும் மேட்டில் வழிகாட்டி குரலைத் தாழ்த்திக் கதை சொன்னார். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“தம்பி, ஒரு சந்தேகம்” என்று கையைத் தூக்கினார் தையல்காரம்மா. “அந்த நேரத்துல மாமியார்மாருங்க எங்க இருந்தாங்க?”

“மூணு பேரும் ஊர்ல இருந்தாங்கம்மா. தகவல் தெரியாது.”

“அதான பார்த்தேன். பக்கத்துல இருந்திருந்தா ஒருத்தியாவது வாயைத் திறந்திருப்பா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். வழிகாட்டி பாவம், அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துபோனார்.

கடைசி நாள் காலை. மருமகள் கீழே டீ வாங்கப் போயிருந்தாள். தையல்காரம்மா மூடாத பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று டீச்சர் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?”

“முதல்ல வந்து பெட்டி மேல உட்காருங்க. ஒரு ஆள் வெயிட்டு பத்தல.”

டீச்சர் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து அமுக்கியும் பெட்டி வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

“இவளை எப்படிங்க இப்படிக் கைக்குள்ள போட்டீங்க? விட்டுக் குடுத்தீங்களா? இல்ல, ஆரம்பத்துலயே கண்டிச்சு வச்சீங்களா? இத்தனை வருஷம் ஆயிரம் பிள்ளைங்களைக் கட்டி மேய்ச்சவ நான். வீட்டுக்கு வந்த ஒருத்திகிட்ட தோத்துட்டேன்.” டீச்சர் பெட்டியை இன்னொரு தடவை அமுக்கினார். “வீடு வெறிச்சுன்னு கிடக்குதுங்க. அவ திரும்பி வரணும். நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். என் மகனும் கை நீட்டுறவன். நாலு வருஷம் முன்னாடி இவ விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போனப்ப, இவ பக்கம் சாட்சி சொல்லக் கூண்டுல ஏறினது நான்தான். தீர்ப்பு வந்த அன்னைக்கு கோர்ட்டு வாசல்ல நின்னு, ‘வாங்க அத்தை, நம்ம வீட்டுக்குப் போகலாம்’னு கூட்டிட்டு வந்தா. அன்னைக்கிலிருந்து அவ வீட்லதான் இருக்கேன்.”