வழியாத கிண்ணம்

அவன் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான், முன்பக்கம் மட்டும்.

வீட்டைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான்.

விகாரையில் அன்று மூன்றாம் மாத தானம். இறந்துபோன அவன் மனைவி கேமாவுக்கு.

பிக்கு உண்டு முடித்தார். அவன் முன்னால் ஒரு தாம்பாளத்தை வைத்தார்கள். அதன் நடுவில் சிறிய கிண்ணம். அவன் கையில் நீர்ச் செம்பு.

பிக்கு ஓத ஓத அவன் நீர் வார்க்க வேண்டும். கிண்ணம் நிறைந்து வழிய வேண்டும். வழிந்தால் தானத்தின் புண்ணியம் அவளைச் சேரும். அவள் நிப்பானம் அடைவாள்.

பிறகு பிறப்பில்லை.

அது அவள் வீட்டு வழக்கம். தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்தவர்கள். புத்தரின் சீடர்களில் விடுதலை பெற்ற ஒருத்தியின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள்.

அவனுக்கு விடுதலையின் படிநிலைகளைச் சொன்னவளும் அவள்தான். மொட்டைமாடியில், துணி உலர்த்திக்கொண்டே. ஓடையில் இறங்கியவர். இன்னும் ஒரே ஒருமுறை பிறந்து திரும்பி வருபவர். திரும்பி வராதவர். கடைசியில் எல்லாம் அறுத்து விடுதலை பெற்ற அரகந்தர்.

நாம் இரண்டாவதோடு நின்றுகொள்ளலாமே என்றான் அவன்.

ஈரத் துண்டால் அவன் முதுகில் அடித்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற புத்தி என்றாள்.

நீர் மெல்லிய கோடாக இறங்கியது.

பின்னால் கேமாவின் அம்மா யாரிடமோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். சரணம் சொல்லிக்கொண்டேதான் மகள் கண்ணை மூடினாளாம். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாள்.

அவன் மறுத்ததில்லை. அந்தக் காலையில் ஆஸ்பத்திரி அறையில் இருந்தது அவன் மட்டும்.

கிண்ணம் நிறைந்தது. விளிம்புக்கு மேல் நீர் லேசாகப் புடைத்து நின்றது.

செம்பு நிமிர்ந்துவிட்டது.

பிக்கு நிமிர்ந்து பார்த்தார். ஓதியதையே மறுபடி ஓதினார்.

"ஊத்துங்க மாப்ள," என்றாள் கேமாவின் அம்மா. "வழியணும். அவ நல்லபடியா போய்ச் சேர வேணாமா?"

செம்பில் இன்னும் பாதி நீர் இருந்தது.

அவன் கை அசையவில்லை.

அந்தக் காலையில், ஆஸ்பத்திரி அறையில், ஃபிளாஸ்கிலிருந்து டம்ளரில் அவளுக்கு வெந்நீர் ஊற்றினான். பார்வை அவள் முகத்திலேயே இருந்தது. அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னது அப்போதுதான்.

"போதும்பா. கீழ ஊத்திடப் போற."