நடுவில் நின்ற உருளை

“காத்தும் இல்ல, வெயிட்டும் சரியா இருக்கு. அப்புறம் ஏன் சார் நடுவுல நின்னுடுச்சு?”

கேட்டவர் ஜிப்லைன் ஊழியர். அவருக்கே தெரியவில்லை என்றதும் லிஃப்ட் மெக்கானிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மலைச் சாகசப் பூங்காவின் மேல் மேடையில் இருவரும் நின்றிருந்தார்கள். அங்கிருந்து எதிர்மலையின் மேடை வரைக்கும் பள்ளத்தாக்கைத் தாண்டி ஓர் இரும்புக் கம்பி சென்றது. அதன் நட்டநடுவில், கம்பிமேல் ஓடும் உருளையில் கோத்த பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள் மெக்கானிக்கின் ஒன்பது வயது மகள் சிட்டு. மேடையிலிருந்து பார்க்க அவளுடைய சிவப்பு ஹெல்மெட் மிளகாய்ப் பழ அளவுதான் தெரிந்தது. அவள் காலுக்கும் கீழே ஒரு பருந்து வட்டமடித்தது. பருந்துக்கும் கீழே, எங்கோ ஆழத்தில், பாறைகள்.

“சிட்டு! அப்பா இங்கதான் இருக்கேம்மா! பயப்படாதே!”

குரல் மலையில் முட்டி அவரிடமே திரும்பி வந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சத்தமில்லாமல் தன் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

காரணமில்லாமல் எந்த இயந்திரமும் நிற்காது என்பது மெக்கானிக்கின் தொழில் அனுபவம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஆளின் எடைக்குக் கம்பி நடுவில் தொய்யும். புறப்படுகிறவர் அந்தத் தொய்வு வரை சறுக்கிக்கொண்டு போவார். சேர்த்த வேகத்திலேயே அதைத் தாண்டி, எதிர்ப்பக்க ஏற்றத்தில் ஏறி, மேடையைத் தொட்டுவிடுவார். வேகம் குறைந்தால் ஏற முடியாது. தொய்விலேயே நின்றுவிட வேண்டியதுதான். எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும். எடை போதாவிட்டாலும் குறையும். இரண்டும் இல்லையென்றால், மிஞ்சுவது உருளை.

“பேரிங் சிக்கியிருக்குமோ?”

“இதே உருளையிலதான் சார் இப்ப ஒரு பொண்ணு போச்சு. பாப்பாவைவிட ஒல்லி. சர்ருனு போய்ச் சேர்ந்துட்டா.”

“நின்னுட்டா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? கம்பியைக் கை மாத்தி மாத்திப் பிடிச்சு இழுத்தா எந்தப் பக்கம் வேணா வந்துடலாம்னு சொன்னேன். பாப்பா செஞ்சும் காட்டினா.”

பின் ஏன் இழுக்கவில்லை? மயங்கிவிட்டாளா? அப்போது சிட்டுவின் ஒரு கால் லேசாக ஆடியது. காற்று இல்லை, அப்படியானால் அவளேதான் ஆட்டுகிறாள். அவருக்கு மூச்சு வந்தது.

கைப்பேசி அடித்தது. எதிர்மேடையிலிருந்து சிட்டுவின் அம்மா.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? குழந்தை அசையவே மாட்டேங்குறா!”

“நான் என்ன பண்ணேன்? பெல்ட்டை மூணு தரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.”

“வேற இடம் பாக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?”

“அவளுக்குப் பிடிக்குமேன்னு...”

“உங்களுக்கு வசதின்னு சொல்லுங்க.”

“சண்டை போடற நேரமா இது? அங்கேயிருந்து அவ முகம் தெரியுதா?”

“இல்லீங்க.” அவள் குரல் உடைந்தது. “பள்ளத்தாக்குப் பக்கமாத் திரும்பிட்டு இருக்கா. அழறாளா என்னன்னு ஒண்ணும் புரியல.”

மலைக்குப் பின்னாலிருந்து இடி உருண்டு வந்தது. ஊழியர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“மேகம் இறங்குது சார். மின்னல் கிட்ட வந்துட்டா யாரும் கம்பியைத் தொட முடியாது. காப்பாத்தப் போறவங்களும்தான்.”

அவர் வாக்கி டாக்கியில் கத்தினார். எதிர்மேடையிலிருந்து இன்னொரு ஊழியர் இடுப்பில் கயிற்றோடு கம்பியில் தொங்கி, கை மாற்றிக் கை மாற்றிச் சிட்டுவை நோக்கி வந்தார். ஒவ்வொரு பிடிக்கும் கம்பி அதிர்ந்தது; அந்த அதிர்வு மேடையின் கைப்பிடி வழியாக மெக்கானிக்கின் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு வழியாக அவர் சிட்டுவை எட்டிப் பிடித்தார். பெல்ட்டோடு பெல்ட்டைக் கோத்தார்.

அதற்குப் பிறகும் இருவரும் நகரவில்லை.

“இழுப்பா! என்ன பண்றே?”

வாக்கி டாக்கி கரகரத்தது. “வர மாட்டேங்குறாண்ணே. உருளைக்கு முன்னாடி கம்பியை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிருக்கா. இழுத்தா விரல் நசுங்கிடும்.”

“பயத்துல பிடிச்சிருப்பா. நைசாப் பேசி விடச் சொல்லு!”

“பயமும் இல்ல, உருளையில கோளாறும் இல்லண்ணே. கையுறையால கம்பியை அமுக்கிப் பிரேக் போட்டதே பாப்பாதானாம்.”

மெக்கானிக் வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். “ஏன்னு கேளுங்க!”

கரகரப்பு. மறுபடியும் இடி, இன்னும் அருகில். பிறகு பதில் வந்தது.

“அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல வந்து நின்னாத்தான் கையை எடுப்பாளாம்.”

ஊழியர் நிம்மதியில் சிரித்தேவிட்டார். “அட, அவ்வளவுதானா! பக்கத்துக் கம்பி காலியாத்தான் இருக்கு. ஒரே நிமிஷத்துல உங்க வீட்டுக்காரம்மா பக்கத்துல போய் நின்னுடலாம். மின்னல் வர்றதுக்குள்ள கிளம்புங்க. இதுக்குப் போய் என்ன சார் யோசனை?”

லீவில் முதல் பாதி அப்பாவிடம், மறுபாதி அம்மாவிடம் என்று கோர்ட் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே இன்றைக்கு மகளைக் கைமாற்ற அவர் யோசித்துக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கம்பி.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியில் போய்ச் சேர்ந்தார். சிட்டுவின் அம்மாவுக்கு அருகில் நின்றார். சிட்டு கையை எடுத்தாள், பெல்ட்டைக் கோத்திருந்த ஊழியர் இழுக்க உருளை ஓடியது.