கைப்பிடி வைத்த இஞ்சின்

"பச்சைக் குழந்தைங்க மூச்சு விடற இடத்துல புகை கக்கற ஜெனரேட்டர்! இவளையெல்லாம் சும்மா விடலாமா சார்?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. அதைவிட அதிகமாகச் சத்தம் இருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வாரமாகப் போன் மேல் போன் போட்டு அவரை வரவழைத்தவரே செயலாளர்தான். ஊருக்கு உழைக்கிற மனிதர். அவர் வாயாலேயே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்கம் ஓர் ஒற்றை அறை. அதில் ஒரு பெண்மணி குழந்தைகள் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள் காலையில் விட்டுவிட்டு, மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அறையை ஒட்டிய சந்து முனையில், சுவர் ஓரமாக நின்றது அந்தக் குற்றவாளி. கைப்பிடி வைத்த சின்ன ஜெனரேட்டர்.

"ஏம்மா, நீ நடத்தறது காப்பகமா, செங்கல் சூளையா?" என்று பாய்ந்தார் செயலாளர்.

"சார், அது எதுக்குன்னா..."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கரண்ட் போனா பிள்ளைங்களைத் தூங்கப் போட்டுட்டு நீ சீரியல் பார்க்கணும். அதுக்குத்தானே?"

அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்தார். பாய்கள் இருந்தன, தொட்டில்கள் இருந்தன. டிவியைக் காணோம்.

"ஒளிச்சு வெச்சிருப்பா சார். பலே ஆளு!" என்றார் செயலாளர்.

ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் புகைக்குழாயில் கருவியைச் சொருகினார் அதிகாரி. முள் நகர்ந்தது.

"அளவுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு."

"கொஞ்சமா? சட்டத்துல கொஞ்சம் என்ன, நிறைய என்ன? சீல் வைங்க சார்!"

அந்தப் பெண் அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"சார், ரெண்டு நாள் டைம் குடுங்க, மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடறேன். இது இல்லேன்னா பிள்ளைங்களை இங்க வெச்சுக்கவே முடியாது. காப்பகத்தை மூடிட வேண்டியதுதான்."

"மூடேன்! யாரு வேண்டாம்னா?" செயலாளர் குறுக்கே புகுந்தார்.

"அப்படி இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதான் மெஷினே சொல்லிடுச்சே."

அதிகாரி கம்பியைச் சுற்றி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார். செயலாளர் அதன் பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்தி செல்ஃபி எடுத்தார். 'சுத்தமான காற்று நம் பிறப்புரிமை' என்று எழுதி, அங்கேயே நின்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். முதல் கைதட்டல் வர, மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"உள்ள வாங்க சார். அந்த டிவியையும் கண்டுபிடிச்சிடலாம்."

இருவரும் உள்ளே கால் வைத்த நேரம், கரண்ட் போனது.

அந்தப் பெண் ஓடினாள். ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினாள். ஈரத் துண்டை இடுக்கில் திணித்தாள். தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"பார்த்தீங்களா, கையும் காலும் ஓடலை. சீரியல் போச்சுல்ல!" செயலாளர் சிரித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் திடுமென்று ஓர் உறுமல்.

"அது நம்ம சங்கத்து ஜெனரேட்டர் சார். லிஃப்ட், ஏசி எல்லாம் உடனே வந்துரும். இந்தக் கீழ் போர்ஷனுக்கு மட்டும் லைன் குடுக்கலை. எதுக்கு வெட்டிச் செலவுன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்."

ஜன்னல் இடுக்கு வழியாகக் கரும்புகை நுழைந்தது. ஈரத் துண்டை அது மதிக்கவே இல்லை. ஒரு குழந்தை இருமியது. அது நிறுத்துவதற்குள் அடுத்தது ஆரம்பித்தது. அதிகாரிக்கும் தொண்டை கமறியது.

"என்ன சார் இது?"

"ஓ, அதுவா? புகைக்குழாய் மொதல்ல மேல் பக்கமாத்தான் இருந்தது. பால்கனியில காயப்போட்ட துணியெல்லாம் கரியாகுதுன்னு வீட்டுல ஒரே சண்டை. அதான் இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டேன். இங்கதான் யாரும் குடியில்லையே!"

அதிகாரி கருவியை மறுபடி வெளியே எடுத்தார்.

செயலாளர் பதறவில்லை. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"சார், சார்! உங்க கையில இருக்கற ஆர்டர் கைப்பிடி வெச்சுத் தூக்கிட்டுப் போற இஞ்சினுக்கு மட்டுந்தானே? நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே நான் புகாரே குடுத்தேன்! எங்களுது கான்கிரீட்ல போல்ட் போட்டு இறுக்கினது. யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது."

அதிகாரி கருவியை உள்ளே வைத்துவிட்டார்.

"ஆமா. அதுக்கு வேற பிரிவு. வேற அதிகாரி."

"அப்படிச் சொல்லுங்க!" கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார் செயலாளர். அவருக்குப் புகை ஆகாது.

கண்ணைக் கசக்கிக்கொண்டே அதிகாரி கேட்டார். "ஏம்மா, தினம் தினம் இந்தப் புகையில எப்படித்தான் இத்தனை பிள்ளைங்களை வெச்சுச் சமாளிச்சே?"

இருமுகிற குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலே, சுற்றாமல் நின்றிருந்தது ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன்.

"இதைப் போட்டு வெளியே தள்ளுவேன் சார். நீங்க சீல் வெச்ச ஜெனரேட்டர்ல ஓடறது இது ஒண்ணு மட்டுந்தான்."