அப்பாக்கள் பந்தயம்

"அப்பா, ஸ்கூல்ல அப்பாக்களுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறாங்க. நீயும் ஓடணும்!" மாடிப்படியிலேயே மகள் வழிமறித்தாள்.

எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கம்பு ஊன்றி நடக்கிற மனுஷனையா ஓடச் சொல்றே? ஏன் சார், அத்தனை வருஷம் கால்பந்து ஆடிச் சம்பாதிச்சீங்களே, எதுவும் மிஞ்சலையா?"

"மொத்தத்தையும் மச்சான் ஹோட்டல்ல போட்டேன். ஹோட்டலும் இல்ல, மச்சானையும் காணோம். முழங்கால் போனதுக்கு இன்சூரன்ஸ் மாசாமாசம் தருது. அதுலதான் அடுப்பு எரியுது."

"அப்ப உங்க உடம்புல முழங்காலுக்கு மட்டும்தான் மூளை இருக்கு!"

அப்பாவும் சிரித்துவிட்டு நொண்டியபடி வீட்டுக்குள் போனார். மனைவி கதவைத் தாழிட்டாள்.

"இன்சூரன்ஸ் ஆள் இன்னிக்கும் தெருமுனையில கேமராவோட நிக்கிறான். ஜன்னல் பக்கம் போயிடாதீங்க."

மகள் பழக்கப்பட்டவள்போல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அப்பாவின் கையிலிருந்த கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"இப்ப ஓடுப்பா."

அவர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓடினார். முழங்கால் ஒரு முனகல்கூட இல்லாமல் மடங்கி நிமிர்ந்தது. வேகம் பிடிப்பதற்குள் சுவர் வந்துவிட்டது. திரும்பி மறுபடி ஓடினார்.

"மெதுவாங்க, கீழ் வீட்டுக்குக் கேக்கும்," என்றாள் மனைவி.

"நீதான்ப்பா ஃபர்ஸ்ட்," என்று மகள் சத்தம் வராமல் கைதட்டினாள்.