ஊசி வேண்டாம்

"ஊசி வேண்டாம் டாக்டர். அப்படியே அடைச்சு விட்டுடுங்க."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் இப்படிச் சொன்னதும், பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த நர்ஸின் கை அப்படியே நின்றுவிட்டது. பல் டாக்டரிடம் வந்து, அடுத்த வாரம் பார்த்துக்கலாமே என்று நழுவுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மரத்துப் போகிற ஊசியை வேண்டாம் என்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் சார். பழைய ஃபில்லிங் விழுந்து, அடியில சொத்தை நல்லா இறங்கியிருக்கு. மெஷினை வெச்சா உயிர் போகும்," என்றார் டாக்டர்.

"தாங்கிக்கறேன்."

"ஊசின்னா பயமா?"

"சேச்சே, கூப்பிட்டப்பல்லாம் போய் ரத்தம் குடுக்கறவன் நான்."

"முன்னாடி போட்டு ஒத்துக்காம போச்சா?"

"அதெல்லாம் இல்லை. போட்டா உதடு எவ்வளவு நேரம் மரத்துக் கிடக்கும்?"

"ராத்திரி சாப்பாடு வரைக்கும்கூட இருக்கும். பேச்சு கொஞ்சம் குழறும். ஆனா குரல் வரும், கவலைப்படாதீங்க."

"குரலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வீட்டுக்குப் போனதும் நான் ஒழுங்காப் பேசணும் டாக்டர். வேண்டாம்."

நர்ஸுக்கு மண்டை குடைந்தது. எதுவானாலும் ஏன், எதற்கு என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. டாக்டரே அவளைத் 'துப்பறியும் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

மேடைப் பேச்சாளரோ? ஏலம் போடுகிறவரோ? கேட்டேவிட்டாள்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"கடிகாரம் ரிப்பேர் பண்றேன்மா."

அட, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேண்டியிராத வேலை. அவள் அடுத்த கேள்விக்குத் தயாரானாள். டாக்டர் முந்திக்கொண்டு, "பெரிசா ஆ காட்டுங்க," என்றார்.

மெஷின் கிர்ரென்று பல்லைத் தொட்டதும் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கண்ணோரம் தண்ணீர் கோத்தது. ஆனால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லவில்லை.

பார்க்கிறவளுக்குத்தான் பொறுக்கவில்லை. டாக்டர் நிறுத்தி வாய் கொப்பளிக்கச் சொன்னதும், "கூட யாராச்சும் வந்திருக்காங்களா சார்?" என்றாள்.

"பொண்ணு இருக்கா வெளியில."

முகத்து மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் விறுவிறுவென்று வெளியே போனாள். கல்லூரி வயசுப் பெண் ஒருத்தி பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, உங்கப்பா ஊசி வேண்டாம்னு அடம் பிடிக்கிறார். வலியில கண்ணுல தண்ணி வருது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்."

பெண் சிரித்தாள், தலையை ஆட்டினாள். எழுந்திருப்பாள் என்று பார்த்தால், மறுபடியும் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த அப்பன் உள்ளே துடிக்கிறான், இங்கே சிரிப்பைப் பார் சிரிப்பை.

உள்ளே வந்து வேலையைப் பார்த்தாள். குடைந்த குழியைச் சுத்தம் செய்து, டாக்டர் அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். கடிக்கச் சொல்லி, இடித்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார்.

எழுந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கண்ணாடிக்குப் போனார். பல்லைப் பார்க்கவில்லை. உதட்டைக் குவித்தார், விரித்தார், சத்தமில்லாமல் என்னவோ சொல்லிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். இது என்னடா கூத்து என்று நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபில்லிங்கை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவள் எப்போதும் கூட வந்தவர்களிடம்தான் சொல்வாள். நாற்காலியில் இருந்து இறங்கினவருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும், எதுவும் மனசில் நிற்காது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து பெண்ணிடம் ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. ரொம்பச் சூடா, ரொம்ப ஜில்லுனு எதுவும் வேண்டாம். கெட்டியானதை அந்தப் பல்லால கடிச்சா இதுவும் பேர்ந்துடும். படுக்கறதுக்கு முன்னாடி பல் தேய்க்கச் சொல்லு. ரெண்டு நாள் கூச்சம் இருக்கும், அதுக்கு மேல போனா கூட்டிட்டு வா. புரிஞ்சுதா?"

பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு பாப்போம்."

அதற்கும் தலையாட்டினாள்.

"உள்ளே அவர் துடிச்சப்பவும் சிரிச்சே. இப்பவும் சிரிக்கிறே. நல்லாப் பெத்து வளர்த்தார் மனுஷன்," என்றாள் நர்ஸ். நன்றாக உறைக்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

வாசலில் வந்து நின்ற அவர் காதில் அது விழுந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி பெண்ணுக்கு எதிரே வந்து நின்றார். "முடிஞ்சுதும்மா, போலாமா?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதாப்பா?" பெண்ணின் குரல், அந்தச் சின்ன அறைக்கு ரொம்பவே பெரிசாக வந்தது.

அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் ஒரு காய்ச்சல்ல இவளுக்குக் காது போயிடுச்சும்மா. கேக்கலைன்னு சொல்ல வெக்கம், எல்லாத்துக்கும் சிரிச்சுத் தலையாட்டிடுவா. எழுதிக் காட்டினா படிச்சுட்டுப் பேசாம இருந்துடறா. என் உதட்டைப் பார்த்தாத்தான் இப்போ திருப்பிப் பேச ஆரம்பிச்சிருக்கா, அதை ஒரு சாயங்காலம் மரத்துப் போக விடக்கூட எனக்கு மனசு வரலை. நீங்க தப்பா நினைக்கலேன்னா, அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிட்டு, இப்போ சொன்னதை அவகிட்ட இன்னொரு தடவை சொல்றீங்களா?"