கறுப்புக் கோடுகள்

நான் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன். போர்முனையில் இருந்த மகனின் கடிதங்கள் அந்த முகவரிக்குத்தான் வரும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி பறித்துக்கொள்வாள்.

"இதுலயும் நாலு வரி கறுப்பா இருக்கு. ஒண்ணும் படிக்க முடியல."

"போர்க்காலம்ல. தணிக்கை பண்ணித்தான் அனுப்புவாங்க."

"அவன் கை விளங்காமப் போக. என் புள்ள எழுதினதை அடிக்க அவன் யாரு?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து மகன் விடுப்பில் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். அவன் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவள் கடிதக் கட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தாள்.

"இங்கெல்லாம் என்னடா எழுதியிருந்த?"

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான்.

"பயமா இருக்குன்னு எழுதியிருந்தேம்மா. எல்லாத்துலயும் அதையேதான். 'பயப்படாதடா'ன்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்துட்டே இருந்தேன்."

"எனக்குத் தெரியாதேடா. அந்தத் தணிக்கைக்காரப் பாவி..."

"எங்க முகாம்ல பிளேடால வெட்டி எடுத்துடுவாங்கம்மா. மை பூச மாட்டாங்க."

அவள் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். கோடுகள் எல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்தவை. பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். வாரா வாரம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் அவளால் போக்க முடியாத கறுப்புக் கறை அங்கே இருந்தது.

என் மகன் பயமே அறியாதவன் என்று அச்சகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். இப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.