ஒரே ஒரு ஃபைல்

சங்கமித்ரா இரண்டு காதுக் கம்மலையும் கழற்றிக் கம்ப்யூட்டர் மேஜைமேல் வைத்தாள்.

"இத வித்தாவது அவன் கேக்கற துட்டக் குடுத்துடலாம். எனக்கு அந்த ஒரு ஃபைல் வேணும்" என்றாள்.

அவள் கணவன் அறிவு திரையை எட்டிப் பார்த்தான். திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி நின்றது. உங்கள் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவனோ ஊர் பேர் தெரியாதவன் மிரட்டியிருந்தான்.

மகள் ஷாலுவின் பிறந்தநாள் போட்டோக்களும் பூட்டுக்குள்தான் போயிருந்தன. சங்கமித்ரா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைல். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'நிலவன்'.

நிலவன் அவள் வேலை பார்க்கும் கன்டெய்னர் கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் அவளை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். எதிர் டீக்கடையில் நின்றிருந்த அறிவு அதைப் பார்த்தான். பைக் போன பிறகும் அவள் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பையும் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பத்து நாளாக அவள் ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ டைப் அடித்தாள். அவன் உள்ளே நுழைந்தால் திரையை மூடினாள். கேட்டால் ஆபீஸ் வேலை என்றாள். அவளுக்கு முன்பு அந்தக் கம்ப்யூட்டரில் டைப் அடித்தவன் அறிவு மட்டும்தான். ஹார்பர் யூனியனுக்கு மனு எழுதுவான், பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிடுவான்.

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீஷானுக்கு அறிவுதான் போன் செய்தான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்த ஜீஷான், திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யாருண்ணே கண்ட மெயிலயும் தொறந்தது? போட்டோ பாருன்னு அனுப்புவானுங்க. தொறந்தா வூடு காலி."

அறிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நேற்றுக் காலை அவள் மூடாமல் விட்டுப்போன மெயிலில் 'என் போட்டோவைப் பார்' என்று ஒன்று இருந்தது. நிலவனைப் பிடித்துவிட்டதாக நினைத்து அதை அமுக்கியவன் அவன்தான்.

பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்றான் ஜீஷான். பூட்டுப் போட்டவன் நகலுக்குத்தான் போட்டிருக்கிறான், அசலை வெறுமனே அழித்திருக்கிறான். அழித்தது டிஸ்க்கிலேயேதான் கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். என்ன, பெயர் போய்விடும், வெறும் நம்பர்தான் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"முன்னாடி எழுதி அழிச்சதுகூட வருமா?" என்று கேட்டான் அறிவு.

"பாதிக்கு மேல வரும்ணே."

நிலவனுக்கு எத்தனை எழுதி அழித்தாளோ, இன்று எல்லாம் வெளியே வரட்டும். அறிவு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "ஒண்ணுகூட வுடாத. எல்லாத்தயும் தொறந்து வாய்விட்டுப் படி" என்றான்.

சங்கமித்ரா அவனை டீ வாங்கிவரச் சொன்னாள். அவன் நகரவில்லை. ஷாலுவைப் பக்கத்து வீட்டிலிருந்து அழைத்துவரச் சொன்னாள். அதற்கும் நகரவில்லை. ஜீஷானின் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான்.

முதலில் வந்தது ரேஷன் கார்டு விண்ணப்பம். அடுத்தது ஷாலுவின் ஸ்கூல் லீவ் லெட்டர். மூன்றாவதை ஜீஷான் திறந்ததும் சங்கமித்ரா எழுந்துவிட்டாள்.

"ஐயா, என்னையும் சூப்பர்வைசர் திரு. நிலவன் அவர்களையும் பற்றித் தங்களுக்கு வந்த பெயரில்லாத கடிதத்தில் உள்ளது அனைத்தும் பொய்..." என்று படித்த ஜீஷான், சங்கடப்பட்டு நிறுத்தினான்.

அவள் அறிவின் பக்கம் திரும்பினாள். எவனோ ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். திங்கட்கிழமை பத்து மணிக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். நாள்வாரியாக எழுதிய பதினோரு பக்கம், திரும்ப எழுத நேரமில்லை. தலை குனிந்தபடி சொல்லி முடித்தாள்.

"உன்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சிபூடுவன்னுதான் மறச்சேன்" என்றாள்.

அறிவு மவுஸ் பக்கம் கையை நீட்டினான். "சரி, வேண்டியது கெடச்சிடுச்சி. மூடு ஜீஷான், போதும்."

"நீங்கதானேண்ணே ஒண்ணுகூட வுடாதன்னீங்க. இன்னும் ரெண்டுதான் கீது" என்றபடியே ஜீஷான் அடுத்ததை அமுக்கிவிட்டான்.

"உயர்திரு மேலாளர் அவர்களுக்கு, உங்கள் ஆபீசில் சங்கமித்ரா என்பவளும் நிலவன் என்பவனும் அடிக்கும் கூத்தைப் பற்றி..." ஜீஷானின் குரல் தேய்ந்தது. கீழே வரை பார்த்தான். பெயர் எதுவும் இல்லை.

சங்கமித்ரா அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். பிறகு கணவனை ஒரு தடவை பார்த்தாள்.

"இதயும் ஒரு பிரிண்ட் எடு, ஜீஷான். திங்கக்கெழம சேத்துக் குடுக்கணும்."